மீன் சென்னைக்கு, மணல் டெல்லிக்கு: நம் கடலைப் பார்த்துக்கொள்வது யார்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஏப்ரல் 15, அதாவது சித்திரை பிறந்த மறுநாள், சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் கயிறு கட்டி நிற்கும். மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குளச்சலில் அதே நாள் படகுகள் வழக்கம்போலக் கடலுக்குப் போகும். ஜூன் 1 பிறந்தால் குளச்சல் படகுகளும் நின்றுவிடும். ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் சின்னமுட்டத்துப் படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். குளச்சல் ஜூலை 31 வரை காத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர், ஒரே மீன்வளத் துறை. தடைக்காலம் மட்டும் இரண்டு.

காரணம் எளிது. கிழக்குக் கடலுக்கு ஒரு தடைக்காலம், மேற்குக் கடலுக்கு வேறொன்று; இரண்டும் 61 நாள். முனையில் இருக்கும் மாவட்டத்துக்கு இரு பக்கமும் கடல் என்பதால் இரண்டு தடையும் வந்து சேர்கின்றன. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக 2001 முதல் 45 நாளாக இருந்த தடை 2017இல் 61 நாளானது.

இந்தத் தடையைப் போடுவது யார் என்று கேட்டால் பெரும்பாலோர் 'அரசாங்கம்' என்பார்கள். எந்த அரசாங்கம்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. கரைக்குப் பக்கத்துக் கடலுக்கு மாநில அரசு ஓர் ஆணை போடுகிறது. அதற்கு அப்பால் உள்ள கடலுக்கு ஒன்றிய அரசு தனியாக ஓர் ஆணை போடுகிறது. இரண்டிலும் தேதி ஒன்றாக இருப்பதால் ஒரே தடைபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டால் சுருக்குமடி வலைச் சண்டையிலிருந்து கடல் மணல் ஏலம் வரை செய்தித்தாளில் வரும் பாதி விவகாரம் விளங்கிவிடும்.

12 என்ற எண்

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை இருப்பது பிராந்தியக் கடல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆகவே சுமார் 22 கிலோமீட்டர். 1956இல் இது 6 கடல் மைலாக இருந்தது, 1967இல் 12 ஆனது. 200 கடல் மைல் வரை, அதாவது ஏறக்குறைய 370 கிலோமீட்டர் வரை, இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலம்: அங்கே மீனும் கனிமமும் எடுக்கும் உரிமை இந்தியாவுக்கு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எல்லைகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்தது. மீனவர்களிடம் கடல் மைல் கணக்கு பேசினால் சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்குக் கடல் என்பது எத்தனை பாகம் ஆழம், எந்தப் பார் (கடலடித் திட்டு) எங்கே கிடக்கிறது என்ற கணக்கு. ஆனால் ஜிபிஎஸ் வந்த பிறகு படகோட்டியும் மைல் கணக்கில் பேசப் பழகிவிட்டார். அபராதம் மைல் கணக்கில்தான் வருகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் யாருக்கு எந்தத் துறை என்று மூன்று பட்டியல்கள் உள்ளன. மாநிலப் பட்டியலின் 21ஆம் பதிவில் ஒரே சொல்: மீன்வளம். ஒன்றியப் பட்டியலின் 57ஆம் பதிவு, பிராந்தியக் கடலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 12 கடல் மைலுக்குள் மீன் மாநிலத்தின் பொறுப்பு, அதைத் தாண்டினால் டெல்லியின் பொறுப்பு என்றாகிறது.

இதோடு நின்றிருந்தால் பள்ளிப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். ஆனால் அதே அரசமைப்புச் சட்டத்தின் 297ஆவது பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது. பிராந்தியக் கடலுக்கு அடியில் இருக்கும் நிலம், கனிமம், மற்ற மதிப்புள்ள பொருள் எல்லாம் ஒன்றியத்துக்கே உரியவை. கோடு நீளவாக்கில் மட்டும் போடப்படவில்லை, மேலிருந்து கீழாகவும் போடப்பட்டிருக்கிறது. கரையிலிருந்து 10 கடல் மைலில் நிற்கும் ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலையில் விழும் சீலா மீனுக்கு விதி போடுவது சென்னை. அந்த மீன் நீந்திய தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மணலுக்கும், மணலுக்குக் கீழே எண்ணெய் இருந்தால் அந்த எண்ணெய்க்கும் விதி போடுவது டெல்லி.

கடலடிப் பொருள் யாருடையது என்ற கேள்வி புதிதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இராமநாதபுரம் கரைக்கு அப்பால் கடலடியில் கிடந்த சங்கை எடுத்தால் அது திருட்டாகுமா என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. மீன் ஓடிக்கொண்டே இருக்கும். சங்கு இருந்த இடத்தில் இருக்கும். உரிமை கொண்டாடுகிறவர்களுக்குச் சங்குதான் வசதி.

1983: சண்டையில் பிறந்த சட்டம்

தமிழ்நாட்டுக் கரை சுமார் 1,076 கிலோமீட்டர், 14 கடலோர மாவட்டங்கள். இந்தக் கடலை மாநில அரசு பார்த்துக்கொள்வதற்கான அடிப்படைக் கருவி 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்.

அது ஏதோ அலுவலக மேசையில் அமைதியாக எழுதப்பட்டதல்ல. இழுவை மடி வந்த பிறகு விசைப்படகுகள் இறாலைத் தேடிக் கரையோரமாக மடியை இழுத்தன. அந்தக் கரையோரக் கடலை நம்பித்தான் கட்டுமரமும் வள்ளமும் இருந்தன. விரித்து வைத்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனால், கட்டுமரக்காரருக்கு அன்றைய மீனோடு முதலும் போயிற்று. 1970களில் இது பல கரைகளில் கைகலப்பாகவும் அதற்கு மேலும் போனது. 1979இல் ஒன்றிய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் 1980இலேயே சட்டம் போட்டது, தமிழ்நாடு 1983இல்.

சட்டத்தின் உயிர்நாடி கடலைப் பங்கிடுவதில் இருக்கிறது. கரையை ஒட்டிய பட்டை நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு அதைத் தாண்டிப் போய்த்தான் மடியை இறக்க வேண்டும். தொடக்கத்தில் இந்தப் பட்டை 3 கடல் மைலாக இருந்தது, இப்போதைய விதிகளில் 5. பாக் நீரிணையில் இன்னொரு வகைப் பங்கீடு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இடத்தைப் பிரிக்க முடியாத குறுகலான கடலில் நாளைப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. எல்லா ஊரிலும் தண்ணீர்க் குழாய்க்கு இதே முறைதானே.

மற்ற விதிகள் வலையையும் எந்திரத்தையும் பற்றியவை. இழுவை மடியின் வால்பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் குஞ்சு மீன் தப்பாது. எந்திரம் 240 குதிரைத் திறனைத் தாண்டக்கூடாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி கூடாது. இவை எல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி வைக்கப்பட்டவை. காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ மீன் இறங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் நின்றால், கூடையில் குவிந்திருக்கும் விரல் நீளக் குஞ்சுகளைப் பார்த்து, எழுத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

அந்தத் தூரம் ஏன்? கடலில் போய்ப் பிடிப்பது கடினம் என்பது ஒன்று. மீன்வளத் துறைக்குக் கடல் அமலாக்கப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, காவல் துறையில் 1994 முதல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. இருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் கரைக்கு முன்னால் அவர்களின் படகுகள் கொஞ்சம்தான். உண்மையான பிடி கரையில்தான் இருக்கிறது: பதிவு, உரிமம், கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வரி விலக்கு டீசல். அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் கிளம்பிவிடுவார் படகு முதலாளி. மானிய டீசலை நிறுத்தினால்தான் வலிக்கும். மாநில அரசின் மேற்பார்வை என்ற பெரிய சொல்லின் கூர்முனை, துறைமுகத்து டீசல் பங்கில் இருக்கிறது.

தடைக்காலத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தடையை மட்டும் போட்டால் குடும்பம் எதைச் சாப்பிடும்? அதனால் நிவாரணத் தொகை. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ரூபாயாகியிருக்கிறது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, ஃபைபர் படகுகள் அந்த 61 நாளும் போய்வரும். மே மாதத்தில் சந்தையில் நல்ல மீன் யானை விலை விற்பதும் இதனால்தான்.

சுருக்குமடி: கோடு உரசும் இடம்

12 கடல் மைல் கோடு எவ்வளவு சிக்கலானது என்பதற்குச் சுருக்குமடியைவிட நல்ல பாடம் இல்லை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றைச் சுருக்குப்பைபோல இழுத்து மூடும் வலை அது. மத்தி, கானாங்கெளுத்தி போலக் கூட்டமாகத் திரியும் மீன் மொத்தமாக வந்துவிடும். தமிழ்நாட்டில் இதற்குத் தடை. கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இந்த வலையால் மீனவ ஊர்களே இரண்டு அணியாகப் பிரிந்து நின்றன. 'எங்கள் முதலீடு போய்விட்டது' என்று ஒரு பக்கம், 'எங்கள் பிள்ளைகளுக்கு மீன் மிஞ்சாது' என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பேசியது வயிற்றைப் பற்றித்தான்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வலை வைத்திருந்தவர்களின் வாதம் கோட்டைப் பற்றியது: 12 கடல் மைலுக்கு அப்பால் மாநிலச் சட்டம் எப்படிச் செல்லும்? 2023 ஜனவரியில் வந்த இடைக்கால ஆணை அந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. பிராந்தியக் கடலுக்கு வெளியே, தனிப் பொருளாதார மண்டலத்துக்குள், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி பயன்படுத்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படகு கிளம்புவதும் திரும்புவதும் மாநிலக் கரையில். தடை செய்யப்பட்ட வலையை ஏற்றிக்கொண்டு, தடை இருக்கும் 22 கிலோமீட்டரைக் கடந்து, தடை இல்லாத இடத்துக்குப் போய், ஆறு மணிக்குள் முடித்துக்கொண்டு வர வேண்டும். மீன் கூட்டம் கோட்டுக்கு எந்தப் பக்கம் அகப்பட்டது என்பதை யார் பார்த்தார்கள்?

இதில் காரைக்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை சில கிலோமீட்டருக்குப் புதுச்சேரி ஆட்சிப்பரப்பாகிவிடுகிறது. அங்கே மீன்பிடிக்குத் தனிச் சட்டம், தனி அதிகாரிகள். மத்திக்கு இதெல்லாம் தெரியாது.

மீன் அல்லாத கடல் உயிர்கள்

கடலில் இருந்து வருவதெல்லாம் சட்டத்தின் கண்ணில் மீன் அல்ல. கடல் அட்டை, கடல் குதிரை, சில சுறாக்கள், ஆமை, பவளப்பாறை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. இவற்றைப் பார்த்துக்கொள்வது மாநில வனத் துறை. காட்டைக் காக்கும் துறை கடலுக்குள் படகு விடுவது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அது அன்றாடக் காட்சி.

கடல் அட்டை 2001 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணையில் வளர்க்கவும் செய்கிறார்கள். இங்கே குற்றம், அங்கே தொழில். இராமநாதபுரம் கரையில் மாதம் தவறாமல் கடல் அட்டை பிடிபட்ட செய்தி வருவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிச் சுமார் 560 சதுர கிலோமீட்டரை 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளுக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமானது, நாட்டிலேயே முதலாவது. கடற்பசுவை அந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள்.

பூங்கா என்ற சொல் இனிமையானது. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்து வாழ்ந்த பெண்களுக்கு 1986இன் பொருள் வேறு. தாயும் பாட்டியும் பாசி எடுத்த இடத்தில் மகள் எடுத்தால் அத்துமீறல். பிறகு அந்தப் பெண்களே கூடி, மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வரைபடம் வரையும்போது அவர்களைக் கேட்டிருந்தால் பூங்கா இன்னும் நல்ல பூங்காவாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

ஆமைக் கதையில் இரண்டு துறையும் ஒரே படகில் ஏற வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடியில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் ஆமை இறந்துவிடும். செத்த ஆமை வனத் துறையின் கணக்கு, கரையோரம் வந்து மடி இழுத்த படகு மீன்வளத் துறையின் கணக்கு.

கரை, துறைமுகம், மணல்

கரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் பொதுவாக 500 மீட்டர் வரையிலும் கடல் பக்கம் 12 கடல் மைல் வரையிலும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். விதியை எழுதுவது ஒன்றிய அரசு (1991, 2011, 2019 என்று மூன்று அறிவிக்கைகள்), நடத்துவது மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். மாவட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. 2011 அறிவிக்கையின்படி அதில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். துறைமுகங்களில் சென்னை, எண்ணூர் காமராசர், தூத்துக்குடி வ.உ.சி. ஆகிய பெரியவை டெல்லியின் கையில். மற்றவை தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கையில்.

மணலுக்கு வருவோம். 297ஆவது பிரிவு வெறும் எழுத்தல்ல என்பதைக் கேரளம் அண்மையில் கண்டது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு கடலடிக் கனிமங்களை முதன்முறையாக ஏலத்துக்கு விட்டது. 13 தொகுதிகளில் மூன்று கேரளக் கரைக்கு அப்பால் இருக்கும் கட்டுமான மணல். கொல்லத்துக்கு அப்பால் அது நல்ல மீன் விளையும் பார். மீனவர்கள் கொதித்தார்கள். 2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆனால் தீர்மானம்தான் போட முடிந்தது. மீனைக் காக்கும் கடமை உள்ள மாநிலத்துக்கு மீன் வாழும் படுகையின் மேல் அதிகாரம் இல்லை. தமிழ்நாடு 2013இல் கரையோரத் தாது மணல் அள்ளுவதை நிறுத்தி வைத்ததே, அது எப்படி என்று கேட்கலாம். அது கரையில் கிடந்த மணல். அலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மணல் ஒன்றுதான், உரிமைதான் வேறு.

கோட்டைத் தாண்டிப் போகிறவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு 12 கடல் மைல் வாசல்படி மாதிரி. வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தூண்டில் போடுகிறவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை படகு, எத்தனை பேர் வெளியே என்ற கணக்கு அரசிடம் ஒன்றாகவும் ஊரிடம் வேறாகவும் இருந்தது. பங்குத்தந்தையரும் உறவினரும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். படகில் செயற்கைக்கோள் கருவி, போகும்போது பதிவு, திரும்பும்போது பதிவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தன. 2025 நவம்பரில் தனிப் பொருளாதார மண்டலத்துக்கு ஒன்றிய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. எந்திரப் படகுகள் அங்கே மீன்பிடிக்க இணையவழி அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்கிறது.

பாக் நீரிணையிலோ 12 கடல் மைல் முழுசாகக் கிடைப்பதே இல்லை. அதற்குள்ளேயே பல இடங்களில் இலங்கையோடு 1974இல் வகுத்த எல்லைக் கோடு வந்துவிடுகிறது. படகு அதைத் தாண்டினால் விஷயம் வெளியுறவுத் துறைக்குப் போய்விடும். மாநில முதல்வரால் டெல்லிக்குக் கடிதம்தான் எழுத முடியும். இழுவைப் படகை விட்டுவிட்டுச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுக்கு மாறுங்கள் என்று 2017இல் ஒரு திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம் ரூபாய், அதில் பாதி ஒன்றிய மானியம், 20 சதவீதம் மாநில மானியம். ஆனால் விடிந்தால் கிளம்பி மறுநாள் வீடு திரும்பிப் பழகியவரை மூன்று வாரம் கடலில் தங்கச் சொல்வது பணத்தால் மட்டும் தீரும் காரியமல்ல.

கடைசியாக எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரத்துக்கும் அங்கிருந்து கடலுக்கும் வந்தது. கடலில் மிதந்த எண்ணெய் ஒன்றிய அரசின் கடலோரக் காவல்படைக்கு. கால்வாயிலும் முகத்துவாரத்திலும் படிந்தது மாநில அரசுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. இந்தப் பிரிவினை காகிதத்தில் சரியாக இருந்தது. முகத்துவாரத்தில் முதல் நாட்களில் இறங்கி வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளியவர்கள் அந்த ஊர் மீனவர்கள்.

கடலிலோ கரையிலோ ஏதாவது கண்ணில் பட்டால்: ஆபத்தில் இருக்கும் படகுக்கும் எண்ணெய்ப் படலத்துக்கும் கடலோரக் காவல்படை, 1554. சந்தேகமான படகு என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1093. செத்த ஆமைக்கு வனச்சரக அலுவலர். கரையோரம் மடி இழுக்கும் விசைப்படகுக்கு மீன்வளத் துறை உதவி இயக்குநர். கரையில் கட்டடம் எழும்பினால் மாவட்ட ஆட்சியர். எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒருவர் சொன்னால், எத்தனையாவது கடல் மைல் என்று கேளுங்கள்.